இரு தரப்புக்கும் ஒரே தராசு
கவுண்ட் ஃபோல்க் பெர்னடோட் வாழ்விலிருந்து ஒரு பாடம்

இரண்டு பேர் சண்டையில் நடுவராகப் போகிறவருக்கு இரு பக்கமும் கெட்ட பெயர்தான் மிஞ்சும் என்று நம் வீடுகளில் சொல்வதுண்டு. சொத்துப் பிரிவினையானாலும் கணவன் மனைவி பிணக்கானாலும், சமாதானம் பேசப் போனவரைப் பார்த்து "நீ அந்தப் பக்கத்து ஆள்தானே" என்று இருவருமே கேட்பார்கள். அதற்குப் பயந்தே நல்லவர்கள் பலர் ஒதுங்கிக்கொள்கிறார்கள். அப்படி ஒதுங்காத ஒருவரின் வரலாறு இது. அவர் தீர்க்கப் போனது ஒரு நாட்டின் வழக்கு. நான்கு மாதங்களுக்குள் அவர் உயிரே போயிற்று. ஆனாலும் அவர் எழுதி வைத்த ஒரு பரிந்துரையை உலகம் இன்றுவரை பேசிக்கொண்டிருக்கிறது.

பாலஸ்தீன அகதிகள் தங்கள் வீடுகளுக்குத் திரும்பும் உரிமை பற்றி நாம் செய்திகளில் அடிக்கடி கேட்கிறோம். ஐக்கிய நாடுகள் சபையின் ஏட்டில் அந்த உரிமைக்கு அடித்தளம் இட்டவர்களில் முதன்மையானவர் ஸ்வீடன் நாட்டு அரச குடும்பத்தைச் சேர்ந்த ஒரு கிறிஸ்தவர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

அரண்மனையிலிருந்து செஞ்சிலுவைக்கு

ஃபோல்க் பெர்னடோட் 1895 ஜனவரி 2-ல் ஸ்டாக்ஹோம் நகரில் பிறந்தார். ஸ்வீடன் மன்னர் இரண்டாம் ஆஸ்கர் அவருடைய பாட்டனார். அவர் தந்தை அரச குலத்தைச் சேராத பெண்ணை மணந்ததால் அரியணை உரிமையை இழந்தவர். ஐந்து பிள்ளைகளில் இளையவரான ஃபோல்க், இறைபக்தி மிகுந்த வீட்டில் வளர்ந்தார். குதிரைப்படை அதிகாரியாகப் பயிற்சி பெற்றார். பின்னர் ஸ்வீடன் சாரணர் இயக்கத்துக்குத் தலைமை தாங்கினார். 1928-ல் எஸ்டெல் மான்வில் என்ற அமெரிக்கப் பெண்ணை மணந்தார்.

இரண்டாம் உலகப் போரில் ஸ்வீடன் எந்தப் பக்கமும் சேரவில்லை. 1943-ல் அவர் ஸ்வீடன் செஞ்சிலுவைச் சங்கத்தின் துணைத் தலைவரானார். காயமுற்ற போர்க் கைதிகளை ஜெர்மனியும் பிரிட்டனும் பரிமாறிக்கொள்ளும் வேலையில் ஈடுபட்டார். போரிடும் இரு தரப்பாரோடும் பேசி, இருவருக்கும் நம்பிக்கையானவராக நடந்துகொள்ளும் பழக்கம் அவருக்கு அங்கேதான் வந்தது.

வெள்ளைப் பேருந்துகள்

1945-ன் தொடக்கத்தில் ஜெர்மனி தோற்றுக்கொண்டிருந்தது. நாஜிகளின் வதை முகாம்களில் நார்வே, டென்மார்க் நாட்டுக் கைதிகள் ஆயிரக்கணக்கில் கிடந்தார்கள். போரின் கடைசி நாட்களில் அவர்களைக் கொன்றுவிடுவார்கள் என்ற அச்சம் இருந்தது. அவர்களை மீட்க வேண்டும் என்று ஸ்வீடனை ஓயாமல் தூண்டியவர் நில்ஸ் கிறிஸ்டியன் டிட்லெஃப் என்ற நார்வே தூதர். அந்தப் பணிக்கு பெர்னடோட் தலைமை ஏற்றார்.

அவர் பெர்லினுக்குப் போய் ஹிட்லரின் வலக்கரமான ஹைன்ரிஷ் ஹிம்லரைச் சந்தித்தார். முதல் சந்திப்பு 1945 பிப்ரவரி 19-ல் நடந்தது. வதை முகாம்கள் அனைத்தும் ஹிம்லரின் கையில்தான் இருந்தன. இப்படிப்பட்டவனோடு மேசைக்கு எதிரே உட்கார்ந்து பேசலாமா என்ற கேள்வி எவருக்கும் எழும். ஆனால் கதவின் சாவி அவனிடம்தான் இருந்தது. உள்ளே இருப்பவர்களை வெளியே கொண்டுவர வேண்டுமானால் அவனிடம் கேட்டாக வேண்டும். பெர்னடோட் கேட்டார்.

மார்ச் மாதம் ஸ்வீடனிலிருந்து பேருந்துகள் புறப்பட்டன. நேச நாட்டு விமானங்கள் ராணுவ வண்டி என்று நினைத்துக் குண்டு போடாமலிருக்க அவற்றுக்கு வெள்ளை அடித்து, சிவப்புச் சிலுவை வரைந்தார்கள். அப்படியும் சில வண்டிகள் தாக்கப்பட்டன. முதலில் நார்வே, டென்மார்க் மக்களுக்காக மட்டும் தொடங்கிய வேலை பின்னர் மற்ற நாட்டாருக்கும் விரிந்தது. தெரசீன்ஸ்டாட் முகாமிலிருந்து டென்மார்க் யூதர்கள் 423 பேர் மீட்கப்பட்டார்கள். பெண்களுக்கான ராவன்ஸ்புரூக் முகாமிலிருந்து சுமார் 7,000 பேர் வெளியே வந்தார்கள். அவர்களில் போலந்து, பிரான்ஸ் நாட்டுப் பெண்களும் யூதப் பெண்களும் இருந்தார்கள். மொத்தம் மீட்கப்பட்டவர்கள் சுமார் 15,000 பேர். அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் நார்வே, டென்மார்க் நாட்டைச் சேராதவர்கள்.

இந்த வரலாற்றில் ஒரு கறையும் உண்டு. நார்வே, டென்மார்க் கைதிகளை ஹாம்பர்க் அருகே நொயன்காம முகாமில் ஒன்றுசேர்க்க ஏற்பாடாயிற்று. அதற்கு இடம் வேண்டும் என்று, அங்கே நோயுற்றுக் கிடந்த பிற நாட்டுக் கைதிகள் சுமார் 2,000 பேரை வேறு முகாம்களுக்கு மாற்றினார்கள். அவர்களை ஏற்றிச் சென்றவை அதே வெள்ளைப் பேருந்துகள். அந்தக் கைதிகளில் பலர் பிழைக்கவில்லை. தன் மக்களைக் காப்பாற்றப் போன இடத்தில் பிற மக்களுக்குத் தீங்கு நேர்ந்தது. மீட்புக்காக உழைத்த மற்றவர்களின் பங்கை பெர்னடோட் தன் நூலில் குறைத்துக் காட்டினார் என்ற விமர்சனமும் எழுந்தது. நல்ல மனிதரின் வரலாற்றைப் படிக்கும்போது இத்தகைய பகுதிகளையும் மறைக்காமல் படிப்பதே முறை.

பாலஸ்தீனத்தில் எரிந்த நெருப்பு

1947 நவம்பர் 29-ல் ஐ.நா. பொதுச் சபை பாலஸ்தீனத்தை யூத நாடு, அரபு நாடு என இரண்டாகப் பிரிக்கத் தீர்மானித்தது. ஆதரவாக 33 நாடுகளும் எதிராக 13 நாடுகளும் வாக்களித்தன. எதிர்த்து வாக்களித்தவற்றுள் இந்தியாவும் ஒன்று. ஜெருசலேம் எந்த நாட்டுக்கும் சேராமல் சர்வதேச நிர்வாகத்தில் இருக்கும் என்று அத்தீர்மானம் கூறியது.

அடுத்த நாளே வன்முறை தொடங்கியது. 1948 ஏப்ரல் 9-ல் ஜெருசலேம் அருகே தைர் யாசீன் கிராமத்தில் யூத ஆயுதக் குழுக்கள் பெண்களையும் குழந்தைகளையும் உட்படக் கொன்றன. அந்தச் செய்தி பரவியதும் பல கிராமங்கள் நடுங்கின. மே 14-ல் இஸ்ரேல் நாடு அறிவிக்கப்பட்டது. மறுநாள் பிரிட்டிஷ் ஆட்சி முடிந்து, அண்டை அரபு நாடுகளின் படைகள் உள்ளே நுழைந்தன.

இஸ்ரேல் அறிவிக்கப்பட்ட அதே நாளில் ஐ.நா. பொதுச் சபை ஒரு நடுவரை நியமிக்க முடிவு செய்தது. மே 20-ல் பெர்னடோட் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஐ.நா. வரலாற்றில் இப்படி நியமிக்கப்பட்ட முதல் நடுவர் அவரே. அவருக்கு உதவியாக ரால்ஃப் பஞ்ச் என்ற கறுப்பின அமெரிக்க அறிஞர் அனுப்பப்பட்டார்.

முதலில் சண்டையை நிறுத்து

பெர்னடோட் தன் சிறு விமானத்தில் கெய்ரோ, அம்மான், டெல் அவீவ், டமாஸ்கஸ் என்று மாறி மாறிப் பறந்தார். மூன்று வாரங்களுக்குள் இரு தரப்பும் நான்கு வாரப் போர் நிறுத்தத்துக்கு இணங்கின. ஜூன் 11-ல் அது நடைமுறைக்கு வந்தது. அதை மேற்பார்வையிட ஆயுதமற்ற ராணுவ அதிகாரிகள் வந்தார்கள். ஐ.நா.வின் அமைதிகாப்புப் பணிகளுக்கெல்லாம் அதுவே தொடக்கம்.

ஓய்வு கிடைத்ததும் அவர் தன் தலைமையகம் இருந்த ரோட்ஸ் தீவில் உட்கார்ந்து ஒரு தீர்வுத் திட்டம் வரைந்தார். ஜூன் கடைசியில் அதை இரு தரப்புக்கும் அனுப்பினார். அத்திட்டத்தில் ஜெருசலேமை அரபுப் பகுதியில் சேர்த்திருந்தார். யூதர் தரப்பு கொதித்தது. யூத அரசின் இருப்பை ஏற்ற திட்டம் என்பதால் அரபுத் தரப்பும் நிராகரித்தது. இருவரும் ஒரே குரலில் "வேண்டாம்" என்றார்கள்.

போர் நிறுத்தத்தை நீட்டிக்கும்படி அவர் கேட்டபோது இஸ்ரேல் சம்மதித்தது. அரபு அரசுகள் மறுத்தன. ஜூலையில் மீண்டும் பத்து நாள் போர் நடந்தது. அதன் பலனை அனுபவித்தவர்கள் பாலஸ்தீன மக்கள். லித்தா, ரம்லா ஆகிய இரு நகரங்களை இஸ்ரேல் படை பிடித்தது. பல்லாயிரக்கணக்கான மக்கள் வெயிலில் நடந்தே விரட்டப்பட்டார்கள். ஜூலை 18-ல் பாதுகாப்பு சபையின் கட்டளையால் இரண்டாம் போர் நிறுத்தம் வந்தது.

கண்ணால் கண்டது

அதற்குப் பிறகு பெர்னடோட்டின் கவனம் வரைபடத்திலிருந்து மனிதர்களை நோக்கித் திரும்பியது. ரமல்லாவில் அகதிகள் கூட்டத்தை நேரில் கண்டார். ஐரோப்பாவின் முகாம்களைப் பார்த்த கண்கள் அவை. பசியும் அழுக்கும் பயமும் எப்படி இருக்கும் என்பது அவருக்குத் தெரியும். மழைக்காலம் வருவதற்குள் உணவும் கூடாரமும் மருந்தும் வேண்டும் என்று பல நாட்டு அரசுகளுக்கும் தொண்டு நிறுவனங்களுக்கும் வேண்டுகோள் அனுப்பினார்.

அகதிகளைத் திரும்ப அனுமதிக்கும்படி இஸ்ரேல் அரசிடம் கேட்டார். போர் நடக்கும்போது முடியாது என்று பதில் வந்தது. அவர் விடவில்லை. 1948 செப்டம்பர் 16 தேதியிட்ட தன் அறிக்கையில் இந்த விஷயத்தை அழுத்தமாக எழுதினார். உதவி தேவைப்படும் அரபு அகதிகள் சுமார் 3,60,000 பேர், யூத அகதிகள் சுமார் 7,000 பேர் என்று கணக்கிட்டார். வெளிநாடுகளிலிருந்து யூதர்கள் வந்து குடியேறிக்கொண்டிருக்கும்போது, தலைமுறை தலைமுறையாக அந்த மண்ணில் வாழ்ந்தவர்களைத் திரும்ப விடாமல் தடுப்பது அடிப்படை நீதிக்கே விரோதம் என்பது அவர் வாதம். திரும்ப விரும்புகிறவர் விரைவில் திரும்ப வேண்டும்; திரும்ப விரும்பாதவருக்கு அவருடைய சொத்துக்கு ஈடு தரவேண்டும் என்று பரிந்துரைத்தார்.

அந்தக் கணக்கில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். 3,60,000 பேரை எழுதிய கை, 7,000 பேரையும் விட்டுவிடவில்லை. எண்ணிக்கை சிறியது என்று யூத அகதிகளைத் தள்ளவும் இல்லை. அதைக் காட்டி அரபு அகதிகளின் துயரத்தைச் சமன் செய்யவும் இல்லை. உள்ளதை உள்ளபடி எழுதினார். மூன்று ஆண்டுகளுக்கு முன் யூதப் பெண்களை முகாமிலிருந்து வெளியே கொண்டுவந்ததும், இப்போது பாலஸ்தீனர் வீடு திரும்ப வேண்டும் என்று எழுதியதும் அவருக்கு ஒரே வேலையின் இரண்டு பகுதிகள். உறவையும் பகையையும் பார்க்காமல் நீதிக்குச் சாட்சி சொல்ல வேண்டும் என்று பிள்ளைப் பருவம் முதல் கேட்டு வளர்ந்த நமக்கு இந்த அளவுகோல் புதியதல்ல. அதைக் கையாளுவதுதான் கடினம்.

அதே அறிக்கையில் தன் முதல் திட்டத்தையும் அவர் மாற்றிக்கொண்டார். இஸ்ரேல் என்ற நாடு இருக்கிறது என்பதை ஏற்றார். ஜெருசலேமை ஐ.நா. மேற்பார்வையில் வைக்கவேண்டும் என்றார். நெகேவ் பாலைநிலமும் லித்தா, ரம்லா நகரங்களும் அரபுப் பகுதியில் சேர வேண்டும் என்றார். ஆனால் அந்த அரபுப் பகுதியை டிரான்ஸ்ஜோர்டானுடன் இணைக்கலாம் என்றும் எழுதினார். அங்கே வாழ்ந்த பாலஸ்தீன மக்கள் தங்களுக்கென்று ஓர் அரசை விரும்பினால் என்ன செய்வது என்பதற்கு அதில் போதிய இடம் இல்லை. அரசுகளோடு பேசிப் பழகிய நடுவர், மக்களைக் கேட்க மறந்த இடம் இது.

வெள்ளிக்கிழமை மாலை

அறிக்கையில் கையெழுத்திட்ட மறுநாள், செப்டம்பர் 17, வெள்ளிக்கிழமை, அவர் ஜெருசலேம் வந்தார். மாலையில் மூன்று வண்டிகள் கொண்ட அணி காத்தமோன் பகுதி வழியாகச் சென்றது. காத்தமோன் வசதியான அரபுக் குடும்பங்கள் வாழ்ந்த பகுதி. அந்த ஆண்டு வசந்த காலத்திலேயே அவர்கள் வீடுகளை விட்டு ஓட நேர்ந்திருந்தது. யாருடைய வீட்டுக் கதவுகளுக்காக அவர் எழுதினாரோ, அந்தக் கதவுகளுக்கு முன்னால் ஒரு ஜீப் வழியை மறித்தது.

ராணுவ உடையில் இருந்தவர்கள் இறங்கினார்கள். ஒருவன் பெர்னடோட் அமர்ந்திருந்த வண்டியின் ஜன்னல் வழியே சுட்டான். பெர்னடோட்டும் பக்கத்தில் இருந்த பிரெஞ்சு அதிகாரி ஆந்த்ரே செரோவும் கொல்லப்பட்டார்கள். செரோவின் மனைவி பெர்னடோட்டின் மீட்புப் பணியால் முகாமிலிருந்து விடுதலை பெற்றவர் என்றும், அதற்கு நேரில் நன்றி சொல்லவே அவர் அன்று பக்கத்து இருக்கையில் அமர்ந்தார் என்றும் உடன் இருந்தவர்கள் வழியாகச் சொல்லப்பட்டு வருகிறது. அன்று வந்து சேரத் தாமதமானதால் ரால்ஃப் பஞ்ச் அந்த வண்டியில் இல்லை.

கொன்றவர்கள் லெஹி என்ற சியோனிச ஆயுதக் குழுவினர். அக்குழுவின் தலைவர்களில் ஒருவரான இட்சாக் ஷமீர் பிற்காலத்தில் இஸ்ரேலின் பிரதமரானார். இஸ்ரேல் அரசு கொலையைக் கண்டித்து லெஹியைத் தடை செய்தது. தலைவர்கள் சிலர் சிறை சென்று சில மாதங்களில் பொதுமன்னிப்பில் வெளியே வந்தார்கள். அந்தக் கொலைக்காக ஒருவர்கூட விசாரணைக் கூண்டில் ஏற்றப்படவில்லை. 1995-ல் இஸ்ரேல் வெளியுறவு அமைச்சர் ஷிமோன் பெரஸ் அந்தக் கொலையைக் கண்டித்து வருத்தம் தெரிவித்தார். யூதர்களை மீட்டதற்காக பெர்னடோட்டுக்கு நன்றியும் சொன்னார்.

அவருக்குப் பின் நின்றவை

பெர்னடோட் இறந்த மூன்று மாதங்களுக்குள், 1948 டிசம்பர் 11-ல், ஐ.நா. பொதுச் சபை 194-ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது. வீடு திரும்பி அண்டை மக்களோடு அமைதியாக வாழ விரும்பும் அகதிகளை அனுமதிக்க வேண்டும், திரும்பாதவர்களுக்கு ஈடு தர வேண்டும் என்று அதன் 11-ஆம் பத்தி கூறுகிறது. இது அவருடைய அறிக்கையிலிருந்து வளர்ந்தது. அன்று ஐ.நா.வில் இருந்த அரபு நாடுகள் அத்தீர்மானத்தை எதிர்த்து வாக்களித்தன என்பதும் வரலாறு. அத்தீர்மானத்தை ஏற்பதும் பிரிவினையை ஏற்பதும் ஒன்றாகிவிடும் என்று அவை கருதின. பின்னாளில் அதே பத்தியைத்தான் அவை தங்கள் வாதத்துக்கு ஆதாரமாக எடுத்துக்கொண்டன.

விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடர்ந்தவர் ரால்ஃப் பஞ்ச். 1949-ல் எகிப்து, லெபனான், ஜோர்டான், சிரியா ஆகிய நான்கு நாடுகளும் இஸ்ரேலுடன் தனித்தனியே போர் ஓய்வு ஒப்பந்தங்களில் கையெழுத்திட்டன. அதற்காக 1950-ல் அவருக்கு அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது.

தன் ஊழியர் கொல்லப்பட்டால் ஐ.நா. ஒரு நாட்டிடம் நஷ்டஈடு கேட்க முடியுமா என்ற சட்டக் கேள்வியும் இந்தக் கொலையால் எழுந்தது. முடியும் என்று சர்வதேச நீதிமன்றம் 1949 ஏப்ரல் 11-ல் கருத்துரைத்தது. இஸ்ரேல் 54,628 டாலர் செலுத்தியது. உலகெங்கும் ஆபத்தான இடங்களில் வேலை செய்யும் ஐ.நா. ஊழியர்களுக்கு அந்தக் கருத்துரை இன்றும் ஒரு சட்டக் கேடயம்.

அகதிகளுக்கு உணவும் கல்வியும் மருத்துவமும் தர 1949 டிசம்பரில் ஐ.நா. ஒரு தனி நிறுவனத்தை உருவாக்கியது. தற்காலிகமாகத் தொடங்கிய அதன் பதிவேட்டில் இன்று 50 லட்சத்துக்கும் அதிகமான பாலஸ்தீன அகதிகள் இருக்கிறார்கள். 194-ஆம் தீர்மானத்தின் 11-ஆம் பத்தி இன்னும் நிறைவேறவில்லை. ஆனால் அது அழிக்கப்படவும் இல்லை.

நமக்கு என்ன பாடம்?

முதலாவது, சமாதானம் பேசப் போகிறவர் முதலில் அடிதடியை நிறுத்த வேண்டும். யார் சரி என்ற விசாரணை அதற்குப் பிறகுதான். பெர்னடோட் முதல் மூன்று வாரத்தில் செய்தது அதுதான்.

இரண்டாவது, நேரில் போய்ப் பார்க்க வேண்டும். காகிதத்தைப் பார்த்து எழுதிய முதல் திட்டம் தோற்றது. மக்களைப் பார்த்து எழுதிய பரிந்துரை நிலைத்தது. நம் மஹல்லாவில் ஒரு தலாக் விவகாரம் வரும்போது, பெரியவர்கள் பேசிக்கொள்வதோடு நின்றுவிடாமல், அந்தப் பெண்ணையும் பிள்ளைகளையும் யாராவது கேட்டார்களா என்று பார்ப்பது இதன் நடைமுறை.

மூன்றாவது, தவறாகப் போன யோசனையைத் திருத்திக்கொள்ள வேண்டும். நடுவரின் பிடிவாதம் வழக்காளியின் பிடிவாதத்தைவிடக் கேடானது.

நான்காவது, எழுதி வைக்க வேண்டும். வாய்ப்பேச்சு பேசியவரோடு போய்விடும். கையெழுத்திட்ட காகிதம் சாட்சியாக நிற்கும்.

ஐந்தாவது, இரு தரப்பும் கோபித்தாலும் தராசைச் சாய்க்கக் கூடாது. இருவரும் திட்டுகிறார்கள் என்பதாலேயே நடுவர் சரியானவர் ஆகிவிடமாட்டார். ஆனால் திட்டுக்குப் பயந்து உண்மையை விழுங்குகிறவர் நடுவராக இருக்கவே தகுதியற்றவர்.

பிள்ளைகளோடு பேசிப் பார்க்க

1. ஹிம்லர் போன்ற கொடியவனோடு பேச்சு நடத்தியது சரியா? பேசாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

2. தன் நாட்டாருக்கு இடம் வேண்டும் என்று பிற நாட்டு நோயாளிகளை மாற்றியது நியாயமா? நீங்கள் அங்கே இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

3. 3,60,000 பேரின் துயரத்தை எழுதும்போது 7,000 பேரையும் சேர்த்து எழுதியது ஏன் முக்கியம்?

4. நம் குடும்பத்தில் அல்லது தெருவில் தீராமல் கிடக்கும் ஒரு பிணக்கு உண்டா? அதில் இதுவரை யாரும் கேட்காத ஆள் யார்?

கடைசிக் கேள்விக்குப் பதில் கிடைத்தால், இந்த வாரமே அவர் வீட்டுக்கு ஒரு தடவை போய் வாருங்கள்.